சைலஃபோன் மாதிரிகளில் நான் கவனிப்பவை

மரக்கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் சைலஃபோனின் ஒலி பிறந்த கணமே மங்கத் தொடங்கிவிடுவதால், அதன் சுரங்களை மாதிரிகளாக (சாம்பிள்) பதிவுசெய்து கணினியில் உருவாக்கும் மெய்நிகர் கருவியின் தரம், தட்டுக்கோல் கட்டையில் படும் அந்த முதல் கணத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. வயலின் மாதிரிகளைப் போல பதிவின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு (லூப்) நீட்டும் தேவை இங்கே இல்லை.

நான் முதலில் சோதிப்பது, ஒரே சுரத்தை விரைவாகத் தொடர்ந்து தட்டும் வாசிப்பைத்தான். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் இயந்திரத் துப்பாக்கி சுடுவதுபோல் கேட்கும். ஆகவே, ஒவ்வொரு சுரத்தையும் ஒரே வலுவில் பலமுறை தட்டிப் பதிவுசெய்து, அப்பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கவைக்கும் ரவுண்ட் ராபின் முறை இக்கருவிக்கு இன்றியமையாதது. சுரத் தகவலை மின்னணுக் கருவிகளுக்கும் கணினிக்கும் இடையே கடத்தும் மிடி முறையில், தட்டும் வலுவைக் குறிக்கும் வெலாசிட்டி எண் 127 வரை செல்லும். அது குறையும்போது ஒலியளவு மட்டுமல்லாமல் ஒலியின் கூர்மையும் குறைய வேண்டும். ஒரே பதிவைத் தணித்துத் தரும் கருவிகள் எனக்கு ஏற்புடையவை அல்ல.

சைலஃபோனைப் போன்றே மரக்கட்டைகளால் ஆன, ஆனால் தாழ்ந்த சுருதி கொண்ட மரிம்பாவின் மாதிரிகளைச் சுருதி உயர்த்தி சைலஃபோனாக்குவதும் எனக்கு ஏற்புடையதல்ல. இன்றைய சைலஃபோன் கட்டைகளின் அடிப்பகுதியைக் குடைந்து, அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் முதல் மேற்சுரம் அடிப்படை அதிர்வெண்ணின் 3 மடங்காக அமையும்படி பெரும்பாலும் சுருதி சேர்க்கிறார்கள். மரிம்பாவில் அது 4 மடங்கு. அந்த வேறுபாட்டைக் காது உடனே கண்டுகொள்ளும்.

இசைக்குறிப்பில் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் கருவி இது என்பதால், மென்பொருள் எந்த ஸ்தாயியில் விசைகளை அமைத்திருக்கிறது என்பதையும் தொடக்கத்திலேயே சரிபார்த்துவிட வேண்டும்.