திருக்கோஷ்டியூர் விமானத்தின் மேல் நின்றபோது

பெரியம்மா தனக்குப் புற்றுநோய் என்பதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். நான் சொல்லவில்லை. அண்ணன் வந்து சேர்ந்தபோது பெரியம்மா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினோமே என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் மனசு ஆறவில்லை. அந்த பாரத்தோடுதான் திருக்கோஷ்டியூருக்குக் கிளம்பினேன்.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரில் இறங்கி வேறு பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ஊர் வந்துவிடும். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. கண்ணன் பிறந்த கொண்டாட்டத்தைப் பாடத் தொடங்கும் பெரியாழ்வார் முதலில் சொல்வது இந்த ஊரின் மாடங்களைத்தான்.

உள்ளே அஷ்டாங்க விமானம். கீழே நர்த்தனக் கிருஷ்ணன், அதற்கு மேல் சயனத்தில் சௌமிய நாராயணர், அதற்கும் மேல் நின்ற கோலம், உச்சியில் அமர்ந்த கோலம். சௌமிய நாராயணரைச் சேவித்துவிட்டுக் குறுகலான படிகளில் ஏறினேன். மேலே ராமானுஜர் சிலையாக நிற்கிறார். ரகசிய மந்திரத்தை அவர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். இங்கே காட்டுவது இந்த விமானத்தளத்தை.

1017இல் பிறந்த ராமானுஜர், ‘ஓம் நமோ நாராயணாய’ என்ற எட்டெழுத்து மந்திரத்தின் உட்பொருளைக் கேட்டுத் திருவரங்கத்திலிருந்து 18 முறை இந்த ஊருக்கு நடந்து வந்தார் என்பது குருபரம்பரைக் கதை. ஒரு நடைக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நாராயணா என்ற பெயரைத் திருமங்கையாழ்வார் எப்போதோ ஊரறியப் பாடிவிட்டார். பொத்தி வைத்திருந்தது அதன் அர்த்தத்தை. 17 முறை திருப்பி அனுப்பிய குரு திருக்கோட்டியூர் நம்பி, கடைசியில் துறவிக்குரிய தண்டும் (கோல்) பவித்திரமுமாகத் தனியே வரச் சொன்னார். ராமானுஜரோ தன் சீடர்கள் முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் கூட்டிக்கொண்டு வந்தார். கேட்டதற்கு, இவர்தான் என் தண்டு, இவர்தான் என் பவித்திரம் என்றார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். மந்திரம் காதில் விழுவதற்கு முன்பே ‘தனியே’ என்ற சொல்லுக்குள் மூன்று பேரை அடக்கிவிட்டார்.

வெளியே சொன்னால் நரகம் என்று எச்சரித்துத்தான் நம்பி உபதேசித்தார். ராமானுஜர் மறுநாளே ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். கோபத்தோடு அழைத்துக் கேட்ட நம்பியிடம், வாக்கு மீறவில்லை என்று அவர் வாதாடவில்லை. மீறினேன், நரகம் எனக்குத்தான். கேட்டவர்கள் எல்லோரும் கரையேறினால் அது போதும் என்றார்.

பலர் கடைத்தேற ஒருவர் போகலாம் என்று இதை ஒரு கணக்காகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. கணக்குப் போடுகிறவர் அடுத்தவரையும் பலியாக எழுதிவிட முடியும். இங்கே விலை முழுவதும் சொன்னவர் தலையில். அதுவும் 18 முறை நடந்து அந்த விலையைத் தெரிந்துகொண்டவர்.

அங்கேயே நிற்கும்போது மகாபாரதத்துக் கௌசிகர் நினைவுக்கு வந்தார். கர்ண பர்வத்தில் அர்ச்சுனன் தன் சபதத்துக்காக தர்மபுத்திரரையே வெட்டக் கிளம்பும்போது கண்ணன் சொல்லும் கதை. கௌசிகர் பொய்யே பேசாத தவசி. கொள்ளையர்களுக்குப் பயந்து காட்டுக்குள் ஒளிந்தவர்கள் எங்கே என்று துரத்தி வந்தவர்கள் கேட்க, உள்ளதைச் சொல்லிவிட்டார். ஒளிந்தவர்கள் செத்தார்கள். விரதம் காத்த கௌசிகருக்கு நரகம் கிடைத்தது. அவர் யோசித்ததெல்லாம் தன் விரதத்தில் கறை படக்கூடாது என்பது மட்டும்.

பெரியம்மாவின் சத்தியத்தை நான் காத்தது எதற்காக? அவருக்காக என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லியிருந்தால் அவர் என்னைத் திட்டியிருப்பார், ஒருவேளை முகம் பார்த்துப் பேசியிருக்க மாட்டார். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. விமானத்தின் மேல் நின்று இதை ஒப்புக்கொண்டபோது கண் நிறைந்துவிட்டது. சத்தியத்தை மீறுவது எளிது என்று சொல்லவில்லை. நாளைக்கே வேறொருவர் கேட்டால், மறைக்கத்தான் வேண்டும் என்ற சூழ்நிலையும் வரலாம்.

கோபித்த நம்பியே ராமானுஜரைத் தழுவிக்கொண்டு எம்பெருமானார் என்று அழைத்தார். சிஷ்யன் மீறியதைக் குரு ஒரு பட்டமாகத் திருப்பிக் கொடுத்தார். இந்தக் கதையில் ராமானுஜருக்குச் சமமாக நம்பியையும் நான் கும்பிடுகிறேன்.

கீழே இறங்கி, தெப்பக்குளத்தைப் பார்க்கப் போனேன். மாசித் தெப்பத்துக்கு இங்கே ஆயிரக்கணக்கில் விளக்கு ஏற்றுவார்கள். அன்றைக்குக் கூட்டமில்லை. படியில் உட்கார்ந்து அண்ணனுக்கு போன் போட்டேன்.

“அண்ணா, பெரியம்மா என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தாங்க. நான்தான் உங்ககிட்ட மறைச்சுட்டேன்.”

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “எப்போ சொன்னா? என்னல்லாம் பேசினா? ஒன்னு விடாம சொல்லு” என்றார். சொல்லத் தொடங்கினேன்.