ரெண்டு நிமிஷ வேலைதானே சார்

வேலை முடிந்து, கடைசித் தவணையும் கைக்கு வந்து, பல மாதம் கழித்து வரும் வாட்ஸ்அப் செய்திகளுக்குத் தனி இலக்கணம் உண்டு. முதலில் "வணக்கம் சார்" மட்டும் வரும். நாம் பதில் வணக்கம் போடும்வரை அடுத்தது வராது. போட்டவுடன் "எப்படி இருக்கீங்க, ஆளையே காணோமே". அதற்கும் பதில் போன பிறகுதான் படம் வரும். பெரும்பாலும் கம்ப்யூட்டர் திரையை ஃபோனில் கோணலாக எடுத்த படம். அதன் கீழே: "என்னன்னு கொஞ்சம் பாருங்க சார். உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலைதானே."

நான் தனியாளாக வெப்சைட் செய்துகொடுக்கிறவன். சின்ன நிறுவனங்கள், பயிற்சி மையங்கள், சில மருத்துவர்கள், இவர்கள்தான் என் கிளையன்ட்டுகள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் இலவசமாக வேலை கேட்கிறவர்களை என்ன செய்வது என்று தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் "கறாரா இருங்க" என்றே எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கூப்பிடுகிறவர்களில் பலர் ஓசியில் வேலை வாங்கும் எண்ணத்தோடு கூப்பிடுவதில்லை. வேறு யாரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சாவி அவர்களிடம் இருக்காது. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், நம் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும், தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடத்துக்கான ஹோஸ்டிங் கணக்கு நம் பெயரில் இருக்கும், அட்மின் பாஸ்வேர்டு நமக்கு மட்டும்தான் தெரியும். எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொண்டு "ஒப்பந்தம் முடிஞ்சிடுச்சு சார்" என்றால் யார் நம்புவார்கள்?

அதனால் நான் கறார் காட்டுவதெல்லாம் வேலை முடிகிற நாளில்தான். டொமைன், ஹோஸ்டிங், தள நிர்வாகம், வருகைக் கணக்கு காட்டும் அனலிட்டிக்ஸ், தளத்தின் கோடு (நிரல்) சேமித்திருக்கும் கிட் ரெபாசிட்டரி என்று எல்லாமே கிளையன்ட்டின் சொந்த மின்னஞ்சலுக்கு, அவர்களே உரிமையாளராக, மாறியாக வேண்டும். நிறுவன முதலாளியின் பெயரில் இருக்க வேண்டும். அடுத்த வருடம் வேலையை விட்டுப் போகப்போகிற அலுவலகப் பையனின் ஜிமெயிலில் இருக்கக் கூடாது. ஸ்கிரீனைப் பகிர்ந்துகொண்டு அவர்களையே ஒருமுறை எல்லாவற்றிலும் லாகின் செய்ய வைப்பேன். பிறகு அவர்கள் கண்ணெதிரிலேயே என் அட்மின் கணக்கை நீக்கச் சொல்வேன்.

இந்தக் கடைசிப் படிதான் பலருக்குப் பிடிக்காது. "இருக்கட்டும் சார், நீங்க நம்ம ஆளுதானே, எப்பவாவது தேவைப்படும்" என்பார்கள். வேண்டாம். என் லாகின் அங்கே உயிரோடு இருக்கும்வரை, தளத்தில் எவன் புகுந்து எதைச் செய்தாலும் முதல் கேள்வி என்னிடம்தான் வரும். தவிர, லாகின் இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தால் "கொஞ்சம் உள்ள போய்ப் பாருங்களேன்" என்று கேட்பது சுலபம், மறுப்பது கஷ்டம். லாகின் இல்லையென்றால் கேட்கிறவரே முதலில் ஒரு கணக்கு உருவாக்கித் தர வேண்டும். பல "ரெண்டு நிமிஷ வேலை"கள் அந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

அப்புறம் இந்த ரெண்டு நிமிஷக் கணக்கு. ஒரு பயிற்சி மையத்துக்குச் செய்துகொடுத்த தளத்தில் விசாரணைப் படிவம் இருந்தது. யாராவது நிரப்பினால் மையத்தின் ஜிமெயில் வழியாக மையத்துக்கே தகவல் போகும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 2022 நடுவில் ஒரு நாள் "உங்க ஃபார்ம் வேலை செய்யலை" என்று செய்தி வந்தது. வேலை முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது வெளியே: வெறும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து வெளிச் செயலிகள் உள்ளே வரும் வழியை கூகுள் பாதுகாப்புக்காக 2022 மே 30 முதல் மூடியது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அந்தப் படிவத்துக்கென்றே கூகுளிடம் தனியாக ஒரு ஆப் பாஸ்வேர்டு எடுத்துப் போட்டால் சரியாகிவிடும். போடுவது நிஜமாகவே ரெண்டு நிமிஷம்தான். ஆனால் காரணம் அதுதான் என்று கண்டுபிடிக்க சர்வர் பதிவுகளைத் தோண்டி, படிவத்தைச் சோதித்து, மின்னஞ்சல் வெளியே போகும் போர்ட்டை ஹோஸ்டிங்காரர்கள் அடைத்துவிட்டார்களா என்று பார்த்து, அரை நாள் போகும். "சும்மா பார்த்துச் சொல்லுங்க" என்கிறார்களே, அந்தப் பார்ப்பதுதான் வேலையில் பெரும்பகுதி. அதை இலவசமாகச் செய்துவிட்டு, சரிசெய்வதற்கு மட்டும் கட்டணம் சொன்னால் "ஒரு பாஸ்வேர்டு மாத்துறதுக்கா இவ்வளவு?" என்று கேட்கத்தான் செய்வார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது பாஸ்வேர்டு மட்டும்தானே.

ஆகவே காரணம் தேடுவதற்கே தனிக் கட்டணம் வைத்திருக்கிறேன். பார்த்த பிறகு என்னிடமே சரிசெய்யக் கொடுத்தால் அந்தத் தொகையை மொத்தத்தில் கழித்துவிடுவேன். வேறு யாரிடமாவது கொடுத்தால் நான் எழுதித்தரும் அறிக்கை அவர்களுக்கு உதவும்.

கிளையன்ட்டுகளுக்குப் புரியவைக்க மிகவும் கஷ்டமான விஷயம், யாரும் தொடாத தளமும் கெடும் என்பது. "கார் வாங்கினா முதல் சில சர்வீஸ் ஃப்ரீ இல்லையா" என்று ஒருவர் கேட்டார். நல்ல உதாரணம்தான்; அதன் பிறகு வரும் சர்வீஸுக்கு எல்லாரும் பணம் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்ல உதாரணம். பல தளங்கள் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்கான பாதுகாப்பு ஆதரவு 2022 நவம்பரோடு முடிந்தது. ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக 8-க்கு மாற்றியபோது, அதில் நீக்கப்பட்ட பழைய செயற்கூறுகளை நம்பியிருந்த பிளகின்கள், அதாவது தளத்தில் சேர்க்கும் கூடுதல் வசதிகள், படுத்துவிட்டன, தளம் வெள்ளைத் திரையானது. 2018-ல் கூகுள் மேப்ஸ் சேவைக்குப் பில்லிங் கணக்கு இணைப்பது கட்டாயமானபோது, இணைக்காத தளங்களில் வரைபடம் இருண்டு, சோதனைக்கு மட்டும் என்ற எழுத்து குறுக்கே ஓடியது. தளம் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது. 2020 செப்டம்பரில் அதிகபட்சம் 398 நாள் என்றானது. 2029-க்குள் அதை 47 நாளாக்க 2025-லேயே தீர்மானம் ஆகிவிட்டது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இல்லாத தளங்களிலிருந்து இனி எனக்கு இன்னும் அடிக்கடி "வணக்கம் சார்" வரும்.

இதில் எதுவும் நான் விட்ட குறை இல்லை. அவர்கள் செய்த தவறும் இல்லை. ஆனால் "உங்க தளம்" என்று அவர்களும் "உங்க தளம்" என்று நானும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தால் எதுவும் நகராது.

என் கோடில் உண்மையான பிழை இருந்தால் விஷயம் வேறு. ஒப்படைத்து முப்பது நாளுக்குள் சொன்னால் இலவசம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது; எது பிழை என்பதும் அதிலேயே இருக்கிறது, அதாவது நாம் ஒப்புக்கொண்ட பட்டியலில் இருக்கும் ஒன்று சொன்னபடி நடக்காதது. "பட்டன் பச்சையா இருந்தா நல்லாயிருக்கும்" என்பது பிழை இல்லை. முப்பது நாள் தாண்டி என் பிழை வெளிப்பட்டாலும் நான் காசு கேட்பதில்லை. விற்பனை வரி கூட்டலில் தப்பு என்றால், தேதியைக் காட்டித் தப்பிக்க எனக்கு மனம் வராது. இதில் மற்றவர்கள் என்னோடு ஒத்துப்போக வேண்டியதில்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே எல்லைக்கோடு வைத்திருக்கிறேன்: வாயால் சொல்லித் தீர்வது இலவசம், லாகின் செய்ய வேண்டியிருந்தால் கட்டணம். "டொமைன் எப்ப முடியுது, எங்க பார்க்கிறது?" என்று கேட்டால் உடனே சொல்வேன். அதைச் சொல்லாமல் விடுவது ஆபத்து. டாட் காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டால் முப்பது நாள் மீட்புக் காலம் உண்டு, அதற்குள் மீட்கவும் வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு ஆகும், அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். இதையெல்லாம் சொல்லக் காசு கேட்பது அற்பத்தனம்.

பதிலைத் தள்ளிப்போடுவதில்லை. நீல டிக்கை மறைத்துவைத்துக்கொண்டு மூன்று நாள் பதுங்கினால், நான்காம் நாள் கட்டணம் சொல்லும்போது கோபமும் சேர்ந்து வரும். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். படம் பார்த்தேன். நாம் ஒப்படைத்த பிறகு ஹோஸ்டிங்கில் ஏதோ மாறியிருக்கலாம் என்று தோன்றுகிறது, உள்ளே போய்ப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். பார்க்க இவ்வளவு கட்டணம், வியாழன் காலை நேரம் இருக்கிறது. சரியென்றால் ஒரு தற்காலிக லாகின் அனுப்புங்கள். அதற்குள் ஹோஸ்டிங் ஆதரவுக் குழுவிடம் பிஎச்பி பதிப்பு மாறியதா என்று கேட்டுப் பாருங்கள், அவர்களே சரிசெய்துவிட்டால் நான் தேவையே இல்லை."

மன்னிப்பும் கிடையாது, ஒப்பந்தத்தின் எத்தனையாவது பிரிவு என்ற வக்கீல் நோட்டீஸ் தொனியும் கிடையாது. இதற்குப் பாதிப்பேர் "சரி சார்" என்று லாகின் அனுப்பிவிடுகிறார்கள். சிலர் ஹோஸ்டிங்கிலேயே முடித்துக்கொள்கிறார்கள். மிச்சப்பேர் அடுத்த ஆயுதத்தை எடுப்பார்கள்: "இன்னும் நாலு பேர்கிட்ட உங்களைப் பத்திச் சொல்லியிருக்கேன் சார்." சொல்லியிருக்கட்டும், சந்தோஷம். ஆனால் அப்படி வந்த நாலு பேரும் முதல் கேள்வியே "அவருக்கு ஃப்ரீயா செஞ்சு குடுத்தீங்களாமே" என்று கேட்டால் அந்தப் பரிந்துரை எனக்கு எதற்கு?

உண்மையிலேயே இலவசமாகச் செய்ய மனம் வருகிற இடங்களும் உண்டு. என்னைத் "தம்பி" என்று கூப்பிடும் ஒரு பெரியவர், வேலை நடந்தபோது ஒரு தவணையைக்கூட ஒரு நாள் தாமதித்ததில்லை. அவருக்குச் செய்தாலும் பில் போடுவேன்: முழுத் தொகை, கீழே முழுத் தள்ளுபடி, மொத்தம் பூஜ்யம். அவர் அதைப் பார்த்து, "என்ன தம்பி, பில்லெல்லாம் போட்டு அனுப்புறீங்க" என்று சிரித்தார். அடுத்த முறை அவரே "எவ்வளவு ஆகும்" என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்தையே சொன்னார்.

பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏஎம்சி, பற்றிப் பேச வேண்டிய நேரம் கடைசி பில் அனுப்பும்போதுதான். தளம் படுத்துக் கிடக்கையில் பேசினால் மிரட்டல் மாதிரி இருக்கும். வேண்டாம் என்கிறவர்களிடம் "வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்" என ஒரு வரி மின்னஞ்சலில் வாங்கிக்கொள்கிறேன். பிறகு அதை எடுத்துக்காட்ட வேண்டிய தேவை அநேகமாக வருவதில்லை. எழுதும்போதே அவர்கள் ஒருமுறை யோசித்துவிடுகிறார்கள்.

நான் இன்னும் தீர்மானமாக முடிவு செய்யாத ஒன்று, கிளையன்ட் வேறு டெவலப்பரிடம் போன பிறகு அந்தப் புது ஆள் கூப்பிடுவது. "அண்ணா, இந்த டேட்டாபேஸ் டேபிளை ஏன் இப்படிப் பிரிச்சு வெச்சிருக்கீங்க?" பாவம், அவனும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன். ஒப்படைப்பு ஆவணத்தில் எல்லாம் இருக்கிறது, முதலாளி அவனுக்கு அதைக் கொடுத்திருக்க மாட்டார். இப்போதைக்கு அந்த ஆவணத்தை முதலாளிக்கு மறுபடி அனுப்பி, அவனுக்குக் கொடுக்கச் சொல்கிறேன். முதல் ஃபோன் பேச்சு இலவசம். இரண்டாவதற்கு முதலாளியின் பெயரில் பில் போகும் என்று அவனிடம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அவனே, "வேணாம்ணா, நானே பார்த்துக்கிறேன்" என்று வைத்துவிடுகிறான்.