நேர்கோட்டில் ஒரு முகாம்

குமரி மாவட்டத்தில் தெருக்கள் நேராகப் போவது அபூர்வம். தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு, குளத்தங்கரையில் நாலு வீடு, பாசன சானலைத் தாண்டினால் இன்னொரு ஊர். கிராமம் எங்கே முடிகிறது, டவுன் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 82 பேர் நகரவாசிகள். இத்தனை வளைவுகளுக்கு நடுவே, அளவெடுத்து நிறுத்தியதுபோல் இலங்கை அகதிகளான எங்கள் முகாம்: வரிசை வரிசையாகப் பத்துக்குப் பத்து அறைகள், நடுவே பொதுச் சுவர். அடுத்த வீட்டுக் குழந்தை இருமினால் நாங்கள் எழுந்துவிடுவோம்.

1990-இல் மன்னாரிலிருந்து படகில் வந்தோம். வந்து இறங்கியதும் தங்கவைத்த மண்டபம் முகாமிலிருந்து எந்த மாவட்டத்துக்குப் போவது என்பதை அதிகாரிகள் முடிவு செய்தார்கள். குமரி என்றதும் கடல் இருக்கும் என்று அம்மா மகிழ்ந்தார். எங்களுக்கு வாய்த்தது ரப்பர் தோட்டத்தை ஒட்டிய மேடு.

முகாமில் ஆண்களுக்குப் பெரும்பாலும் பெயின்ட் வேலைதான். வளைகுடாவில் உழைத்தவர்கள் கட்டிய மாடி வீடுகளுக்குப் பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்தே என் இளமை போயிற்று. அங்கே ஒரு படுக்கையறையே எங்கள் வீட்டைவிடப் பெரியது. பொறாமை இல்லை என்கிறேன், கொஞ்சம் இருக்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு மீனவர்களுக்குக் கட்டிய குடியிருப்பு ஒன்றிலும் வேலை செய்தேன். அதுவும் நேர்கோடுதான். "கடல் அங்கே, வீடு இங்கே. வள்ளத்தை யார் பார்ப்பது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவன் நானல்ல என்பது அவருக்கும் தெரியும்.

இந்த ஊரில் மதிப்பு சென்ட் கணக்கில். குடியுரிமை இல்லாத எங்கள் பெயரில் ஒரு சென்ட்கூடப் பத்திரம் ஆகாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சொல்லும் நாடுகளிலும் இலங்கை இல்லை. ஆகவே எங்களை எங்கே வைத்தார்கள் என்பதே எங்கள் பள்ளியையும் வேலையையும் சம்பந்தத்தையும் முடிவு செய்தது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு முகாம்களுக்கு 7,469 புதிய வீடுகளை அறிவித்தபோது ஆண்கள் சதுர அடி பேசினார்கள். பக்கத்து வீட்டு அக்கா கேட்டது, "பஸ் எங்கே நிற்கும்?" அதே ஆண்டு மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கியிருந்தார்கள். பஸ்ஸுக்குக் காசு வேண்டாம், அதைப் பிடிக்க ஆட்டோவுக்குத்தான் காசு. நாகர்கோவில் ஜவுளிக்கடைகளில் வேலை முடிந்து வரும் பெண்கள் மெயின்ரோட்டில் இறங்கி, விளக்கில்லாத தோட்டத்து வழியே கூட்டமாக நடக்கிறார்கள்.

நிறுத்தமும் தெருவிளக்கும் கேட்டு மனு எழுதினோம். அதில் வீட்டைப் பற்றி ஒரு வரியும் வரக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீடு என்று எழுதினால் மனு வேறு மேசைக்குப் போய்விடுமாம்.