கண்டனம் வேறு, எச்சரிக்கை வேறு

கண்டதுண்டமாக வெட்டுவது என்கிறோமே, 'கண்டனம்' என்பதற்கும் அதே வடமொழி வேர்தான். முதலில் உடைத்தல் என்று பொருள், பிறகு எதிர்வாதத்தை உடைத்தல்.

மத்திய அரசு ஊழியருக்கு இது வெறும் திட்டு அல்ல. 1965 ஒழுங்கு நடவடிக்கை விதிகளில், விதி 11 பட்டியலின் முதல் தண்டனையே கண்டனம்தான். சிறுதண்டனை என்றாலும் விதி 16 படி குற்றச்சாட்டைச் சொல்லும் குறிப்பாணை கொடுத்து, விளக்கம் வாங்கி, அதைப் பரிசீலித்துத்தான் ஆணை போட வேண்டும்.

எச்சரிக்கை அந்தப் பட்டியலிலேயே கிடையாது. குழப்பம் இங்கேதான் வருகிறது. நடவடிக்கை முழுக்க நடத்தி, தவறு உண்டு என்றும் முடிவு செய்துவிட்டு, "எச்சரிக்கப்படுகிறார்" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். இது முறையே இல்லை. தவறு உறுதியானால் குறைந்தது கண்டனம், இல்லாவிட்டால் நடவடிக்கையைக் கைவிட வேண்டும்.

ஆணை கைக்கு வந்ததும் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். கண்டனம் என்றால் மேல்முறையீட்டுக்கு 45 நாள்.