முதல் யூசருக்கு ஓடுகிறது, அடுத்தவருக்கு 'ஆக்சஸ் டினைடு'

ஒரே கம்ப்யூட்டர், இரண்டு லாகின். மென்பொருளை முதலில் திறந்தவருக்கு எல்லாம் ஒழுங்காக ஓடும். அடுத்தவர் செட்டிங்ஸை மாற்றி சேவ் கொடுத்தால் 'ஆக்சஸ் டினைடு'. பழி மென்பொருள் மேல் விழும். பார்க்க வேண்டியது சி டிரைவில் ஒளிந்திருக்கும் புரோகிராம்டேட்டா ஃபோல்டரை.

விண்டோஸ் விஸ்டாவோடு வந்த, மென்பொருள்கள் தங்கள் டேட்டாவை வைக்கும் இந்த ஃபோல்டர் எல்லாருக்கும் பொது என்பது பாதி உண்மை. 'யூசர்ஸ்' என்ற சாதாரணக் கணக்குகளின் குழுவில் இருப்பவர் இங்கே எதையும் படிக்கலாம், புதிதாக ஃபைலோ ஃபோல்டரோ உருவாக்கலாம். அடுத்தவர் உருவாக்கியதைத் திருத்த முடியாது. பெர்மிஷன் பட்டியலில் உள்ள 'கிரியேட்டர் ஓனர்' என்ற பதிவு, உருவாக்கியவருக்குத்தான் முழு உரிமை தருகிறது. ஒரே கணக்கில் சோதித்தால் இந்தக் கோளாறு கண்ணில் படவே படாது. அட்மின் அல்லாத இரண்டு கணக்குகள் வேண்டும்.

சரிசெய்ய, மென்பொருளின் துணை ஃபோல்டரை மட்டும் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட் என்று போய், யூசர்ஸுக்கு 'மாடிஃபை' டிக் செய்யுங்கள். 'ஃபுல் கன்ட்ரோல்' வேண்டாம். அது பெர்மிஷனையே மாற்றும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடும். புரோகிராம்டேட்டா முழுவதற்கும் திறந்துவிடுவது அதைவிட மோசம். இந்த உரிமையை இன்ஸ்டாலரில் (மென்பொருளை நிறுவும் புரோகிராமில்) எழுதுவதானால் 'யூசர்ஸ்' என்ற குழுவின் பெயரை நம்பாதீர்கள். ஜெர்மன் விண்டோஸில் அந்தப் பெயர் வேறு. அந்தக் குழுவுக்கான எஸ்-1-5-32-545 என்ற அடையாள எண் எங்கும் ஒன்றுதான்.

உரிமையை ஃபைலுக்குக் கொடுக்காமல் ஃபோல்டருக்குக் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல மென்பொருள்கள் சேவ் செய்யும்போது பழைய ஃபைலைத் திருத்துவதில்லை. புதிதாக ஒன்றை எழுதி, பழையதை நீக்கி, பெயரை மாற்றிவைக்கும். நீங்கள் பார்த்துப் பார்த்துக் கொடுத்த உரிமை பழைய ஃபைலோடு போய்விடும். பல மென்பொருள்கள் உள்ளே பயன்படுத்தும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸுக்கும் ஃபோல்டர் உரிமை தேவை: டேட்டாபேஸ் பக்கத்திலேயே ஜர்னல் என்ற தற்காலிக ஃபைலை உருவாக்கும், அதற்கும் உரிமை வேண்டும்.

இதிலும் ஒரு பொறி. தற்காலிக ஃபைலை யூசரின் டெம்ப் ஃபோல்டரில் எழுதி, அங்கிருந்து மூவ் செய்தால், ஒரே டிரைவுக்குள் என்பதால் டெம்ப்பின் பெர்மிஷனும் கூடவே வந்துவிடும். அடுத்த யூசரால் அதைப் படிக்கக்கூட முடியாது. காப்பி செய்தால் சேருமிடத்து உரிமை கிடைக்கும். தற்காலிக ஃபைலை அதே ஃபோல்டரிலேயே எழுதிவிடுவது இன்னும் நல்லது. ஏற்கெனவே கெட்டுப்போனதற்கு, செக்யூரிட்டியில் அட்வான்ஸ்டு திறந்து, உள்ளே இருப்பவற்றின் உரிமைகளை எல்லாம் மாற்றிவைக்கும் கடைசி டிக்கைப் போட்டு ஓகே கொடுங்கள்.

இப்படித் திறந்த ஃபோல்டரில் இஎக்ஸ்இ, டிஎல்எல் போன்ற இயங்கும் புரோகிராம் ஃபைல் எதையும் வைக்காதீர்கள். விண்டோஸின் உச்ச அதிகாரம் கொண்ட சிஸ்டம் கணக்கில், பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஒன்று அதை லோட் செய்தால், சாதாரண யூசர் ஒருவர் ஃபைலை மாற்றிவைத்தே கம்ப்யூட்டர் முழுவதையும் கைப்பற்றலாம். அவை புரோகிராம் ஃபைல்ஸிலேயே இருக்கட்டும். ஆளுக்கு ஆள் மாறும் செட்டிங்ஸுக்கு ஒவ்வொரு யூசருக்கும் தனியான ஆப்டேட்டா ஃபோல்டர் இருக்கிறது. அதைப் பொதுவில் கொண்டுவந்து போடவே தேவையில்லை.