காசடிப்பவன் படம் கீறின கதை

கடைப் பெயர்ப்பலகை எழுதியே காலம் போக்கின என்னிடம், சரித்திரம் படிப்பிக்கிற ஒரு சேர் கண்காட்சிக்கென்று ஒரு படம் கொண்டுவந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. 1568இல் ஜேர்மனியின் பிராங்க்பேர்ட்டில் வெளியான புத்தகமொன்றில் வந்த மரச்செதுக்குப் படம். யோஸ்ட் அம்மான் என்ற ஓவியர் கீறியது. ஒரு தொழிலுக்கு ஒரு படம், அதற்கொரு பாட்டு என்று நூற்றுக்கு மேற்பட்ட தொழில்கள் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. பாட்டெழுதிய ஹான்ஸ் சாக்ஸ் செருப்புத் தைக்கிற தொழிலாளி என்று சேர் சொன்னதும் எனக்குப் புத்தகத்தில் ஒரு மதிப்பு வந்துவிட்டது. சேருக்கு வேண்டியது காசடிப்பவன், அதாவது சுத்தியலால் நாணயம் அடிக்கிறவன், மட்டும். ஆளுயரத்துக்கு, பிளைவூட்டில், கையால்.

"பனர் அடிச்சால் மலிவா முடியுமே சேர்?" என்று நானே கேட்டேன். அவர் ஏற்கெனவே அடித்துப் பார்த்துவிட்டார். சின்னப் படத்தை மெஷின் பெருப்பித்ததில் கோடெல்லாம் சதுரம் சதுரமாக உடைந்து வந்திருந்தது. சரி, பனர்க்காரர் தோற்ற இடத்தில் எனக்கொரு வேலை.

மூலப்படம் 8 சென்ரிமீற்றர் உயரம்தான். இருபது மடங்கு பெருப்பித்தால் அரை மில்லிமீற்றர்க் கோடு ஒரு சென்ரிமீற்றர் ஆகிவிடும். அந்த அகலத்தில் கோட்டுக்கு இரண்டு கரை, ஒரு தொடக்கம், ஒரு முடிவு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். மரச்செதுக்கில் கோட்டை யாரும் போடுவதில்லை. இரண்டு பக்கத்து மரத்தையும் வெட்டி எடுத்தபின் மிஞ்சுவதுதான் கோடு. அதனால் அது முடிகிற இடம் கூராக இருக்கும், இல்லாவிட்டால் வெட்டுண்டு நிற்கும். தூரிகையை அதன் போக்கில் விட்டால் முனை உருண்டுவிடும். ஆகவே கட்டம் போட்டு உருவத்தை ஏற்றியபின், கறுப்பைக் கொஞ்சம் தடிப்பாகவே இழுத்தேன். காய்ந்தபிறகு பழுப்பு வெள்ளையை எடுத்து இரண்டு கரையிலிருந்தும் கறுப்பை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தேன். பலகை எழுத்தின் மூலைகளைக் கூராக்குவதும் இப்படித்தான். கத்தி செய்ததைத் தூரிகை செய்ய வேண்டுமென்றால் எனக்கு வேறு வழி தெரியாது.

ஓட்டோ நிறுத்திவிட்டுப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி: "ஏன் அண்ணை, கலர் அடிக்கேல்லையோ?" கலர் அடித்தால் படம் செத்துவிடும். சட்டைக் கையின் மடிப்பில் பத்துப் பன்னிரண்டு கோடுகள் கையைச் சுற்றி வளைந்து போகின்றன. அந்த வளைவில்தான் கை உருண்டு தெரிகிறது. மேலே சிவப்போ பச்சையோ பூசினால் கை தட்டையாகிவிடும். இதை எல்லாருக்கும் விளங்கப்படுத்திக்கொண்டிருக்க ஏலாது. "இன்னும் முடியேல்லை தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பார்க்க வந்தவர்களில் எனக்குப் பிரயோசனமானவர், கன்னாதிட்டியில் நகைப் பட்டறை வைத்திருந்த வயதான பத்தர் ஒருவர். வந்தவர் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். "தம்பி, அடிக்கிறவன் சுத்தியலைப் பாக்கமாட்டான். அவன்ரை கண் அச்சிலைதான் இருக்கும். கண்ணைக் கவனமாக் கீறும்" என்றார். காசின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு அச்சு: கீழச்சு மரக்குற்றியில் இறுக்கமாக நிற்கும், வெட்டின உலோகத் துண்டை அதன்மேல் வைத்து, மேலச்சை இடக்கையால் பிடித்து, வலக்கையால் அடி. படத்தில் அவருக்கு எல்லாம் உடனே விளங்கியது. நேரடி அடி முழுவதும் மேலச்சில்தான் விழுகிறது, அதனால் அதுதான் முதலில் பழுதாகும் என்றார். பக்கத்தில் நின்ற சேர் தலையாட்டினார். நாணயம் அடிக்கிற அந்தக் காலத்து அக்கசாலைகளில் ஒரு கீழச்சுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மேலச்சுகள் கொடுப்பது வழக்கமாம்.

அப்புறம் சேர் தன்னிடமிருந்த சேது காசுகளைக் காட்டினார். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக்காசு. ஒரு பக்கம் நிற்கிற மனித உருவம், மறுபக்கம் படுத்திருக்கிற நந்தி, மேலே பிறை, கீழே 'சேது' என்ற எழுத்து. ஒன்றில் 'து' பாதி விளிம்போடு போயிருந்தது. பத்தர் அதை வாங்கி விரலால் தடவி, "துண்டு சின்னன், அச்சுப் பெரிசு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் விளக்கம்.

எனக்கு அந்த எழுத்துக் கண்ணில் நின்றது. காசில் 'சேது' நேராக விழ வேண்டுமென்றால் அச்சில் அதை இடம்வலம் மாற்றிச் செதுக்கியிருக்க வேண்டும். மரக்கட்டையிலும் அதே கணக்குத்தான்: தாளில் வலக்கையில் சுத்தியல் தெரிய வேண்டுமென்றால் கட்டையில் அது இடக்கை. கடைக் கண்ணாடிக்கு உள்பக்கமாக நின்று எழுதுகிற எங்களுக்கும் இது பழக்கம். இடம்வலம் மாற்றிப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பிறகு நேர் எழுத்துத்தான் கொஞ்சம் சந்தேகமாக இருக்கும்.

சேர் சொன்ன இன்னொரு கதையையும் விடக்கூடாது. அம்மானின் படம் வெளியானபோதே லண்டனில் காசடிக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்ததாம். எலோய் மெஸ்ட்ரெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1561இல் தொடங்கியது. காசு அழகாகத்தான் வந்தது, ஆனால் சுத்தியல்காரரின் வேகத்துக்கு மெஷின் ஈடுகொடுக்கவில்லை. 1572இல் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1578இல் கள்ளக்காசு அடித்த குற்றத்துக்குத் தூக்கிலும் போட்டார்கள். இங்கிலாந்தில் சுத்தியல் 1662 வரை நின்றுபிடித்தது. பனர்க்காரர் முன்னால் இந்தக் கதையை நான் சொல்வதில்லை. நல்ல பெடியன், அவன் தருகிற வேலையும் எனக்குத் தேவை.

கடைசிப் பேச்சு, கீழே என்ன எழுதுவது என்பதில். அம்மான் பெயரும் 1568உம் போதும் என்றார் சேர். 'பார்த்துக் கீறியது, யாழ்ப்பாணம்' என்றும் போட வேண்டும் என்று நான் நின்றேன். "கள்ளக்காசுக்காரன்ரை கதை நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள்?" என்று கேட்டதும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். மிச்சக் காசையும் கையோடு தந்தார். அடுத்ததாக அதே புத்தகத்தில் கடதாசி செய்கிறவனைக் கேட்டிருக்கிறார். அதில் ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. தொட்டிக்குள் கூழ்த்தண்ணீர் தளும்புவதைக் கத்திக்கோட்டில் எப்படிக் காட்டியிருக்கிறான் என்று இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.