மூன்று ஏக்கருக்குள் மூன்று மண்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிலம் முழுக்க ஒரே மண் என்று எண்ணிப் பயிர் வைத்தால் பாதி இடத்தில் ஏமாற்றம்தான். மேட்டில் செம்புராங்கல் சரளை, நடுவில் செம்மண், பள்ளத்தில் களி. நாங்கள் பயிர் வைத்த மூன்று ஏக்கரில் இந்த மூன்றுமே இருந்தன. முதல் தடவை மூன்றையும் ஒரே பையில் கலந்து பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டோம். வந்த மண்வள அட்டை எந்தத் துண்டுக்கும் பொருந்தவில்லை.

அதனால் மறுமுறை முதலில் பிரித்தோம். நல்ல மழைக்கு மறுநாள் நடந்து பார்த்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். ஈர மண்ணைப் பிசைந்து, கட்டைவிரலால் பட்டையாக நீட்ட வேண்டும். பட்டையே வராமல் உதிர்ந்தால் மணல். 2.5 சென்டிமீட்டருக்குள் முறிந்தால் மணல் கலந்த வண்டல். 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் களி. சரளையைச் சலித்துவிட்டுப் பிசையுங்கள், இல்லாவிட்டால் கை ஏமாற்றும்.

பிறகு ஒவ்வொரு துண்டிலும் 10 முதல் 15 இடங்களில் மாதிரி எடுத்தோம். மேல் சருகை ஒதுக்கி, ஆங்கில ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கவாட்டில் ஓர் அங்குல கனத்துக்குச் சுரண்ட வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம், உரம் போட்டு அதிக நாள் ஆகாத இடம் ஆகியவற்றில் எடுக்கக் கூடாது. நுண்ணூட்டமும் பார்ப்பதானால் இரும்புக் கருவி வேண்டாம், மரக்குச்சியால் சுரண்டலாம். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களை நீக்கிக்கொண்டே வந்து, அரை கிலோவை நிழலில் உலர்த்தி, துண்டுக்கு ஒரு துணிப்பை.

மரப்பயிருக்கு இது போதாது. 90 சென்டிமீட்டர் வரை தோண்டி, 30 சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரியாக எடுங்கள். குழியில் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலையிலும் அப்படியே நின்றால், அங்கே முந்திரி வேண்டாம், வேர் அழுகும். எங்கள் சரளை மேட்டில் தண்ணீர் வேகமாக வடிந்தது. அங்கே 7 மீட்டர் இடைவெளியில், 45 சென்டிமீட்டர் குழியில் முந்திரி.

நடுத்துண்டுச் செம்மண்ணில் நிலக்கடலை. இதுதான் அதிகக் கவனம் கேட்டது. காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியத்தை, சுற்றியுள்ள மண்ணிலிருந்தே உறிஞ்சும். அது குறைந்தால் பொக்குக் காய்தான். ஆகவே 40 முதல் 45 நாளில் களையெடுத்து, ஈரம் இருக்கும்போது அந்தச் சத்தைத் தரும் ஜிப்சத்தை ஏக்கருக்கு 160 கிலோ தூவி, செடியடியில் மண் அணைக்க வேண்டும். மேல்மண் இறுகியிருந்தால், பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகும் விழுது இறங்காது. அணைப்புத் தள்ளிப்போனால் ஜிப்சத்தால் கிடைக்கும் பலனும் குறையும். ஜிப்சம் அமிலத்தன்மையை மாற்றிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். மாற்றாது, அதற்குச் சுண்ணாம்புதான்.

அமிலச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸை)ப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூப்பர் பாஸ்பேட்டை அப்படியே வீசுவதைவிட, ஏக்கருக்கு 300 கிலோ மக்கிய தொழுவுரத்துடன் கலந்து ஒரு மாதம் மூடி வைத்துப் போடுவதே நல்லது.

பள்ளத்துக் களியில் நெல். அறுத்த பின் மிஞ்சும் ஈரத்தில் உளுந்து.

கண்மாய் காய்ந்திருக்கும் கோடையில், வட்டாட்சியர் அனுமதியோடு வண்டல் எடுத்து மேட்டில் பரப்பினோம். ஈரம் கூடுதல் நாள் நிற்கிறது. கடலைத் துண்டில் மட்டும் அதைக் கனமாகப் போட வேண்டாம். களி கூடினால் அறுவடையில் செடி வரும், காய் மண்ணிலேயே தங்கிவிடும்.